கௌரியின் கொம்பு

சங்கராந்திக்குப் பூசிய நீலச் சாயம் மங்குவதற்குள், விஜயநகரில் ஒரு வீட்டு இரும்புக் கேட்டில் மாட்டி, சுலோசனாவின் பசு கௌரியின் இடது கொம்பு அடியோடு முறிந்தது. முறிந்த இடத்தில் தெரிந்த ஓட்டை வழியே காற்று வந்து போவதைக் கண்டு சுலோசனா அலறிவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா," என்றாள் மாட்டு டாக்டர் ஹம்ஸா. "மாட்டுக்கு நெத்தி எலும்புக்குள்ள இருக்கிற காத்தறை கொம்பு வரைக்கும் போகும். மூச்சு அந்த வழியா வருது, அஷ்டே, அவ்வளவுதான்."

துணி வைத்துக் கட்டினாள். புண் ஆறி மூடிக்கொண்டது. முழங்கால் வலியோடு இனி மாடு வளர்க்க முடியாது என்று, சினையாக இருந்த கௌரியை மார்டள்ளி கிராமத்தில் இருக்கும் தம்பி சுரேந்தரிடம் அனுப்பினாள் சுலோசனா. முறிந்த கொம்பை மட்டும் சமையலறை ஜன்னலில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காபி ஆற்றும்போது கொம்பின் வாயிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக, அசைபோட்ட புல் வாசனையோடு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய ஈரக்கையை அவ்வப்போது அதனருகில் காட்டிக்கொள்வாள்.

ஒரு காலையில் அந்த மூச்சு இரைத்தது. உடனே தம்பிக்கு போன் செய்தாள்.

"கௌரி எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குதுக்கா. கன்னு போட இன்னும் நாள் கெடக்குது."

"எதுக்கும் போய்ப் பாருடா."

சுரேந்தர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. கொம்பில் மூச்சு நின்றது. சுலோசனா கொம்பின் வாயருகே வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு நீளமாக ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே, சின்னதாக, வேகமாக, இன்னொன்று.

போனில் சுரேந்தர் இன்னும் நடந்துகொண்டிருந்தான்.