பதில் ஸலாம்

சிபானா இணையப் பக்கம் எழுதுவாள். அதற்குள் பதிக்கும் சின்னப் பக்கத்தைக் கணவன் பஸால் எழுதுவான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க, அவளுடைய பக்கம் ஸலாம் அனுப்பும். அவனுடையது பதில் ஸலாம் சொல்லும்.

தோணியில் போன பஸாலைக் கல்முனைக் கடல் திருப்பித் தரவில்லை. பார்க்கப் பொறுக்காமல் அவன் எழுதிய உள்பக்கத்தைச் சிபானா அழித்தாள். ஆனாலும் ஸலாமுக்குப் பதில் வந்தது. அனுப்பிய முகவரி வெறுமையாக இருந்தது.

“எங்க மச்சான் இரிக்கீங்க? ஒரு சொல்லு சொல்லுங்களே!” அழுதழுது தட்டினாள். அதற்குப் பதிலே இல்லை.

“கொம்பியூட்டர மூடிட்டு வாங்க மகள், சோறு ஆறுது,” என்றார் உம்மா குசினியிலிருந்து.

அவள் வேறெதுவும் அனுப்பாமலே திரையில் ஸலாம் வந்தது. பதில் ஸலாம் அல்ல; வீட்டுக்குள் நுழைகிறவர் முதலில் சொல்வது. அவள் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை.

“வஅலைக்குமுஸ்ஸலாம்,” என்றார் உம்மா. “மகள், வாசல்ல ஆரெண்டு பாருங்க.”