214ஆம் படம்

மரக்காணத்தில் பாதிக் கல்யாணங்களைப் படமெடுத்த ஆல்பர்ட்டிடம், தன் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி ஜெர்லினோடு நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் பத்தாவது கல்யாண நாள். "ஒண்ணாவது காட்டுங்க. இல்லன்னா கேக்கை நீங்களே தனியா வெட்டிக்குங்க" என்று ஜெர்லின் சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டரில் தேடினான். போட்டோக்களை அடுக்கும் சாஃப்ட்வேர் 214ஆம் படத்துக்கு வந்ததும் தானே மூடிக்கொண்டது. ஆறு முறை. சிலுவை போட்டுத் திறந்தும் பார்த்தான். போனில் பேசிய கஸ்டமர் கேர் பெண், "அந்த ஒரு படத்தை டெலீட் பண்ணிடுங்க சார்" என்றாள்.

அழிக்குமுன் அதைத் தனியாகத் திறந்தான். போன ஞாயிறு பூசை முடிந்து உப்பளத்தில் ஜெர்லினை அவன் எடுத்த படம். அன்று அங்கே வேறு ஆளில்லை. படத்தில் அவள் பக்கத்தில் அவனும் தொப்பையோடு நின்றான். கழுத்தில் அவனுடைய ஒரே கேமரா தொங்கியது.

ஜெர்லின் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க எடுத்தது?"

"தெரியல."

"வேலை தெரிஞ்ச ஆளு. உங்கள மாதிரி காலை வெட்டல. பெருசா பிரிண்ட் போடுங்க."

போட்டான். அதில் இருவரும், ரொம்ப நாள் பழகிய யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.