ஓட்டை விழாத பூ

“மூச்சு விடாதீங்க! பறந்துடப் போகுது.”

தையல்காரி தோட்டத்து மண்ணில் குப்புறப் படுத்திருந்தாள். கேமராவின் மூக்கு டெய்சிப் பூவை முட்டாத குறை. பூவின் நடுவில், மஞ்சள் பொடிக்குள் முகத்தைப் புதைத்தபடி ஒரு தேனீ.

அவள் கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர், காற்றை மறைக்க ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். மூச்சை அடக்கி அடக்கி அவர் முகம் சிவந்துவிட்டது.

“இன்னும் எத்தனை எடுப்பே? காலு மரத்துப் போச்சும்மா.”

“தேனீயோட மீசை தெளிவா விழுந்தா இறக்கை மங்கிடுது. கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி எடுத்து, அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்க்கணும். நடுவுல அது அசைஞ்சா அவ்வளவுதான், மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

தேனீ அசையவே இல்லை. அவர் கை தளர்ந்து அட்டை ஒருமுறை காம்பில் இடித்ததைக்கூட அது சட்டை செய்யவில்லை.

“கட்டினவளுக்கு இல்லாத பொறுமை இதுக்கு இருக்கு பாரு” என்றார் அவர். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த படத்தை எடுத்தாள்.

போன வசந்தத்தில் அவள் கண்காட்சிக்கு வைத்த படத்தைப் பார்த்துவிட்டு, “பூவை உங்களுக்கு முன்னாடியே புழு பார்த்துடுச்சு போலிருக்கே” என்று எல்லோர் எதிரிலும் நடுவர் கேலி பேசினார். வீட்டுக்கு வந்து தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தபால்காரருக்கு அது தாங்கவில்லை. தோட்டம் இனிமேல் என் பொறுப்பு என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ஆள் சொன்னதைச் செய்கிறவர். இந்த வருஷம் ஓர் இதழில்கூட ஊசிமுனை ஓட்டை இல்லை. இவ்வளவு நேரம் மண்ணில் கிடந்தும் ஓர் எறும்பு கடிக்கவில்லை.

“எப்படி என் கைராசி?”

“அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணுங்க” என்று எழுந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் பின்கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. தெருவில் அவளுக்குத் தேன்காரி என்றே பெயர். புருஷன் போன பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தேன்பெட்டிகள்தான்.

“கடைசிப் பெட்டியும் போச்சுக்கா. அள்ள அள்ள செத்துக்கிடக்கு” என்றாள். அழுது முடித்த குரல். “யாரோ மருந்தடிச்சிருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ? அந்த மாடிவீட்டு வாத்தியார்தான். தேனீ கொட்டுச்சுன்னு போன மாசம் குதிச்சாரே!”

“காலையில அவர் வாசல்ல போய் நின்னு, தெருவே பார்க்க நாக்கைப் புடுங்கற மாதிரி கேட்டுட்டேன். எனக்கு எதுவும் தெரியாதும்மான்னு கையெடுத்துக் கும்பிடறாரு.”

“கும்பிடுவாரு. செய்யறதையும் செஞ்சுட்டுக் கும்பிட வேண்டியதுதானே? மருந்தடிச்ச கை அழுகிப் போகட்டும்!” தையல்காரி ஒரு பிடி மண்ணை வாரி, மாடிவீட்டுப் பக்கம் பார்த்துத் தூற்றினாள்.

தபால்காரர் அட்டையை மடித்தார். “வெயில்ல வந்திருக்கே, தண்ணி கொண்டு வரேன்” என்று உள்ளே போனார்.

“நாளைக்கே பெட்டியெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்” என்றாள் தங்கை. “அண்ணி பாத்திரம் கழுவவாவது வெச்சுக்க மாட்டாங்களா?”

“வாயை மூடு. அவ வீட்டு வாசல்ல நீ போய் நிக்கறதா?”

“வேற என்ன செய்யச் சொல்றே? எங்கேயாவது ஒரு கூட்டம் பிழைச்சிருந்தா, அதை வெச்சு மறுபடி எழுந்துடுவேன். ஆனா காலையிலேருந்து இந்தப் பக்கம் ஒரு தேனீ சத்தம்கூட இல்ல. ஒண்ணே ஒண்ணைக் கண்ணுல காட்டு, நான் எங்கேயும் போகல.”

தையல்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“அடி பைத்தியமே! வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியே. இப்பத்தான் எடுத்தேன், இந்தா பாரு!”

தங்கை கேமராவை ஈரக் கையால் அப்படியே பிடுங்கிக்கொண்டாள். திரை முழுக்கத் தேனீ. காலில் ஒட்டிய மகரந்தப் பொடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு வாரத்தில் முதல்முறையாக அவள் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“என் பெட்டியோடதுதான்க்கா. பார்த்தாலே தெரியுது.”

“நான் சொல்லல? எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துச்சு தெரியுமா! நாக்கை எவ்வளவு நீளமா நீட்டித் தேன் குடிக்குது, நல்லாப் பெருசாக்கிப் பாரு.”

தங்கை பெரிதாக்கினாள். அடுத்த படத்தைத் தள்ளினாள். அதற்கடுத்ததை, அதற்கும் அடுத்ததை. உள்ளே போனவர் தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“அந்த நாக்கு எல்லாப் படத்துலயும் அப்படியேதான் இருக்கு” என்றாள் தங்கை. சிரிப்பு போய்விட்டிருந்தது. “காலையில நான் அள்ளிப் போட்டதும் எல்லாம் இப்படித்தான் நாக்கை நீட்டிக்கிட்டு...”

“என்னடி உளர்றே? தேன் குடிக்குதுன்னா...”

“குடிக்கலக்கா. உன் பூவுல செத்துக்கிடக்கு.”