வீடு மாறி வந்தவர்கள்

"அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை" என்று அவர் சொல்லிவிட்டார்.

சிங்களத்தில்தான் சொன்னார். தடுமாறாமல் வந்தது.

கேற்றுக்கு வெளியே நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி. கடற்படை ஜீப் ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. லெப்டினன்ட் கொமாண்டர் கிளாரன்சின் வீடு இதுவா என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

கிளாரன்ஸ் அவருடைய ஒரே மகன்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர்கள் நகர்ந்தார்கள்.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"வீடு மாறி வந்துட்டாங்க."

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முழுக்க, சண்டைக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள். மகனைப் பற்றிக் கேட்டவர்களிடம் கப்பலில் வேலை என்று சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பிறகு சிங்கப்பூர்க் கப்பல் என்றார். அதை மெய்யாக்கப் புறக்கோட்டையில் வெளிநாட்டுச் சொக்லட் வாங்கி, மகன் கொண்டுவந்தது என்று வீடு வீடாகக் கொடுத்தார்.

சண்டை தொடங்குவதற்கு முன்பே கடற்படையில் சேர்ந்தவன் அவன். விட்டுவிட்டு வரச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தார். "என்ட பொடியன்மார யாரிட்ட விட்டுட்டு வாறது?" என்று கேட்டான்.

லீவில் வரும்போது சந்தியிலிருந்த நண்பன் வீட்டில் உடை மாற்றிக்கொண்டுதான் ஒழுங்கைக்குள் வருவான். அப்படி வரச் சொன்னது அவர்தான். ஒரு தடவைகூட மகன் முகம் சுளித்ததில்லை.

கேற்றைச் சாத்தப் போனபோதுதான் அவருக்கு உறைத்தது.

உயிரோடு இருப்பவனின் வீட்டைத் தேடி அதிகாரிகள் வருவதில்லை.

பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று நெஞ்சு பதறுவதற்குள் வாய் முந்திக்கொண்டது. அவருக்குக் கூசியது. கூப்பிட்டால் திரும்பிவிடுவார்கள். இப்போதும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு ஜெசிந்தா தன் வாசலில் நின்றாள்.

ஜெசிந்தாவின் தம்பி மீன்பிடிக்கப் போனவன். படகு மட்டும் கரை ஒதுங்கியது, சூட்டு ஓட்டைகளோடு. கடற்படை என்ற பேச்சு வந்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். இத்தனை வருடமும் அவர் பயந்தது அவளுக்குத்தான்.

அவள்தான் அந்த இருவரையும் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்த வீடுதான். இவர்தான் தகப்பன்" என்று உடைந்த சிங்களத்தில் அவர்களிடம் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்கு எப்பவோ தெரியும், அண்ணை. நீங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தனாங்கள்."

தெரிந்துகொண்டுதான் எல்லோரும் அந்தச் சொக்லட்டை வாங்கியிருக்கிறார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மூத்த அதிகாரி அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

"என் மகன்தான்" என்றார். குரல் எழும்பவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். ஒழுங்கை முழுவதும் கேட்டது. உள்ளேயிருந்து மனைவி வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகுதான் இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள்.