மூன்று தட்டு

வண்டிப்பெரியார் மேசன் லாட்ஜ், அதாவது ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தார் கூடும் மண்டபம், வெள்ளைக்காரத் துரைகள் காலத்தது. கூட்டம் நடக்கையில் வெளியே காவல் நிற்பவர் கதவை மூன்று முறை தட்டுவார். உள்ளிருந்து மூன்று தட்டு பதிலாக வரும். அங்கே காவல் நின்றே நரைத்த சுருளிவேல் 1974 மழைக்காலத்தில் இறந்தார். அடுத்த கூட்டத்தில், வெளியே ஆள் இல்லாதபோதும் மூன்று தட்டு கேட்டது. உறுப்பினர்கள் பதிலுக்குத் தட்டிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். வேறு காவலாளி வைக்கவில்லை.

கேள்விப்பட்ட அவர் மனைவி ராமுத்தாய் லாட்ஜ் வாசலுக்கே போய்க் கத்தினாள்.

"உசுரோட இருக்கையிலயும் இங்கதான் கெடந்தீக. செத்தும் இங்கதானா? நம்ம வீட்டுக் கதவ ஒரு நாளாச்சும் தட்டுனீகளா?"

அவர் போனதிலிருந்து தாழிடாமல் வைத்திருந்த வீட்டுக் கதவை அன்று தாழிட்டாள்.

அடுத்த கூட்டம் கலைந்த சாயங்காலம், அந்தக் கதவில் மூன்று தட்டு விழுந்தது. ராமுத்தாய் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அங்க கூட்டம் முடிஞ்சிருச்சாக்கும்?" என்றாள்.