திருப்பி அனுப்பியவன்

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று அம்மாவுக்கு எப்போதும் ஒரு பயம். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. மகளையே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுடி."

"ஐயோ அம்மா! இப்பல்லாம் ப்ரோக்ராமை ஏஐ எழுதுது. அதுக்குள்ள ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேருன்னு ஆயிரக்கணக்குல பேரு இருக்கும். எந்தப் பேரு எந்த ஃபைல்ல, எந்த வரியில இருக்குன்னு தெரியாம ஏஐ குத்துமதிப்பா அடிச்சு விடும். பேரைக் கொடுத்தா இடத்தைக் காட்டுற டூல் ஒண்ணு எங்க கம்பெனியில செஞ்சிருக்காங்க. அதை எப்படிப் பயன்படுத்தணும்னு ஏஐக்குப் புரியற மாதிரி நான் குறிப்பு எழுதுறேன்."

"மிஷினுக்குப் பாடப்புத்தகம்."

"அதேதான். அதுல முக்கியமான வரி எது தெரியுமா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இருக்கறதை மட்டும் இல்லன்னு சொல்லாதே. அந்த ஒரு பொய்யை நம்பி மேல மேல எழுதிக்கிட்டே போனா, கடைசியில எல்லாம் கவுந்துடும்."

சொல்லிவிட்டு மகள் சிரித்தாள். போகப் போக அந்தச் சிரிப்பு காணாமல் போனது.

காரணம் தாடிக்காரன். குறிப்பைச் சரிபார்க்கும் சீனியர். வீடியோ காலில் தாடிதான் முதலில் தெரியும் என்பதால் அம்மா வைத்த பெயர். அவன் சரி என்றால்தான் குறிப்பு வெளியே போகும். அவனோ சரி என்று சொல்லவே மாட்டான்.

"உதாரணம் பத்தலையாம், அம்மா."

எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்தது.

"ஒரே பேரு ரெண்டு ஃபைல்ல இருந்தா என்ன செய்யறதுன்னு எழுதலையாம். எழுதித்தான் வச்சிருந்தேன். போன தடவை அவரேதான் எடுக்கச் சொன்னாரு!"

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மகள் அழுதாள். அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீ நல்லா வர்றது அவன் கண்ணை உறுத்துது. மேலிடத்துக்கு எழுதிப் போடு."

"பாவம்மா. அவருக்கும் குடும்பம் இருக்கு."

"நமக்கு இல்லையா? அப்பா இல்லாத வீடு. உன் வேலை போச்சுன்னா நாம நடுத்தெருவுலதான். எழுதுடி!"

பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத வைத்தாள். கையோடு அவன் நம்பரையும் பிளாக் பண்ண வைத்தாள்.

தாடிக்காரனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். குறிப்பு மறுநாளே வெளியானது. மகள் வயிறாரச் சாப்பிட்டாள்.

"பாத்தியா? அம்மா பேச்சைக் கேட்டா கெட்டுப் போக மாட்டே."

ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. மகள் உள்ளறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையாக இருந்தாள். அம்மா கதவைத் திறந்தாள்.

தாடி. நேரில் பார்க்க நிறையவே நரைத்திருந்தது.

"அம்மா, அவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசணும். ஃபோன் போக மாட்டேங்குது."

"எதுக்கு? இன்னும் அழ வைக்கவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்தக் குறிப்பு முடிஞ்சதும் எழுதற ஆளே வேண்டாம், மத்ததையெல்லாம் ஏஐயே எழுதிக்கும்னு மேல முடிவு பண்ணிட்டாங்கம்மா. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. முடியாம இழுத்துக்கிட்டு இருந்தா அவங்களுக்கு வேலை இருக்கும்ல? அதான் நொட்டைச் சொல்லு சொல்லித் திருப்பித் திருப்பி அனுப்பினேன். அதுக்குள்ள அவங்களுக்கு வேற இடத்துல சொல்லி வைக்கலாம்னு பாத்தேன்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மாசத்தோட நிறுத்திடுவாங்க. இப்பவே வேற வேலை தேடச் சொல்லணும். எனக்கு அவங்க மேல கோவமும் இல்ல. அவங்களா அப்படிப் புகார் எழுதற பொண்ணு இல்ல. யாரோ தூண்டி விட்டிருக்காங்க."

அம்மா கதவை இன்னும் கொஞ்சம் ஒருக்களித்தாள். உள்ளே விட்டால் இவன் சொல்லிவிடுவான். அப்புறம் மகள் தன் முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

"அவ... அவ வீட்டுல இல்ல."

சொல்லி வாயை மூடவில்லை.

"யாரும்மா வாசல்ல?" ஹெட்போனைக் கழற்றிவிட்டு மகள் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அவனுக்கும் கேட்டது. அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். படி இறங்கிப் போனான்.

அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சங்கிலியையும் மாட்டினாள்.

"யாரும் இல்லடி. வீடு மாறி வந்துட்டாங்க."