ஆர்க்கிட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு

சித்திரை மாதத்தில், காட்டு மரமொன்றின் கிளையில் ஒரு ஆர்க்கிட் பூத்திருந்தது. "இவ்வளவு அழகாகப் பூத்தும் பார்க்க ஆளில்லையே" என்று, பக்கத்துக் கிளையில் காய் கொறித்துக்கொண்டிருந்த மலையணிலிடம் அது குறைபட்டுக்கொண்டது.

"ஆளில்லாததால்தான் பூத்திருக்கிறாய்" என்றது அணில்.

அன்று காட்டைச் சுற்றிப் பார்க்க மனைவியோடு வந்த இயற்கை ஆர்வலர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு அபூர்வமான செடி, பார்த்தாயா? பாவம், காட்டில் இதற்குப் பாதுகாப்பே இல்லை" என்றார் மனைவியிடம். பிறகு மரமேறி, அதை வேரோடு பிய்த்துப் பைக்குள் திணித்தார்.

"என்னைக் காப்பாற்று" என்று பைக்குள்ளிருந்து ஆர்க்கிட் கதறியது.

"அதைத்தானே அவர் செய்துகொண்டிருக்கிறார்" என்றபடி, அவர் பார்வை தன்மேல் விழுவதற்குள் அணில் உச்சிக்கிளைக்கு ஓடிவிட்டது.